தாய்மாமன் நாலு பேர், வட்டம் ஒன்று: கிம்ப்பில் செலக்ஷன் வடிவத்தை நகலெடுப்பது எப்படி?

காதணி விழா பேனர் போட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும், காது குத்தப்போகும் குழந்தையின் படத்தைவிடத் தாய்மாமன்களின் படத்தில்தான் கவனம் அதிகம் வேண்டும். நாலு மாமன் என்றால் நாலு முகமும் ஒரே அளவு வட்டத்தில், ஒரே மட்டத்தில், சம இடைவெளியில் நிற்க வேண்டும். வேலை பழகிய புதிதில் நான் ஒவ்வொரு முகத்துக்கும் தனித்தனியாக வட்டம் இழுத்தேன். திரையில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பத்தடி ஃப்ளெக்ஸாகி மண்டப வாசலில் கட்டியபிறகுதான் மூன்றாவது மாமனின் வட்டம் மற்றவர்களுடையதைவிட இரண்டு விரற்கடை சிறியது என்று தெரிந்தது. முதலில் கண்டுபிடித்தவர் அவரேதான். இரவு பதினொரு மணிக்கு போன் வந்தது.

அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான்: வட்டத்தை ஒருமுறை போட்டுவிட்டு அதையே நகலெடுத்துப் பயன்படுத்தியிருக்க வேண்டும். அதை கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். கிம்ப் இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். 2.10 வைத்திருந்தாலும் 2025இல் வந்த 3.0 வைத்திருந்தாலும் கீழே உள்ளது பொருந்தும். போட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கும் பின்னால் ஒரு பகுதி இருக்கிறது.

கோடு வேறு, படம் வேறு

செலக்ஷன், அதாவது படத்தின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுப்பது, அதைப் போட்டதும் திரையில் எறும்பு ஊர்வதுபோல ஒரு புள்ளிக்கோடு ஓடுமே, புதியவர்களில் பாதிப் பேர் அந்தக் கோட்டையும் அதற்குள் இருக்கும் படத்தையும் ஒன்றாகவே நினைத்துவிடுகிறார்கள். கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி அடித்தால் கோடு நகலாகும் என்று எதிர்பார்க்கிறார்கள். நகலாவது உள்ளே இருக்கும் படத்துண்டு. கோடு நகலாகாது.

அப்படியானால் அந்தக் கோடு என்ன? அதுவும் ஒரு படம்தான். நீங்கள் திறந்திருக்கும் படத்தின் அதே அகல உயரத்தில், கறுப்பும் வெள்ளையும் சாம்பலும் மட்டும் கொண்ட ஒரு மறைவான படம். வெள்ளை என்றால் அந்த இடம் தேர்வாகியிருக்கிறது, கறுப்பு என்றால் ஆகவில்லை, சாம்பல் என்றால் பாதியளவு. நம்பிக்கை வராவிட்டால் ஏதாவது ஒரு செலக்ஷன் போட்டுவிட்டு ஷிஃப்ட்டோடு க்யூ அழுத்திப் பாருங்கள். தேர்வாகாத இடமெல்லாம் சிவப்புக் கண்ணாடி போட்டதுபோல ஆகிவிடும். அதற்குப் பெயர் குயிக் மாஸ்க். மறுபடி ஷிஃப்ட் க்யூ அடித்தால் பழையபடி எறும்புக் கோடு வந்துவிடும்.

அந்தக் கோட்டுக்கு ஆங்கிலத்திலும் அணிவகுத்துப் போகும் எறும்புகள் என்றுதான் பெயர். 1984இல் மேக்கின்டாஷ் கணினியோடு வந்த மேக்பெயிண்ட் என்ற வரையும் மென்பொருளை எழுதிய பில் அட்கின்சன் கொண்டுவந்தது அது. நகராத கோடாக இருந்தால் படத்தில் உள்ள கோடுகளோடு கலந்துவிடும், ஊர்ந்தால்தான் கண்ணுக்குப் பிரிந்து தெரியும். ஆனால் அந்த எறும்புகளை முழுதாக நம்பவும் கூடாது. பாதியளவுக்கு மேல் தேர்வான இடத்தைச் சுற்றி மட்டுமே அவை ஓடும். ஓரத்தை மென்மையாக்கிய செலக்ஷனில் கோட்டுக்கு வெளியேயும் கொஞ்சம் தேர்வாகியிருக்கும், அது கண்ணுக்குத் தெரியாது.

சரி, கோடும் ஒரு படம் என்றால் அதைச் சேமிக்கலாம், நகலெடுக்கலாம், நகர்த்தலாம், ஒன்றோடொன்று கூட்டிக் கழிக்கலாம். வேலைக்கு வருவோம்.

முதல் வட்டம்

பேனர் பத்தடி அகலம், எட்டடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 72 பிக்சல் கணக்கில் 8640 அகலமும் 6912 உயரமும் வரும். கணினி மெதுவானது என்றால் பழகும்வரை எல்லாவற்றையும் பத்தில் ஒரு பங்காக்கிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மாமனுக்கும் ஓரடி விட்டம் உள்ள வட்டம், அதாவது 864 பிக்சல். வட்டத்துக்கு வட்டம் ஓரடி இடைவெளி. நாலு வட்டம் நாலடி, நடுவில் மூன்று இடைவெளி மூன்றடி, ஆக ஏழு. மீதி மூன்றடியை இரண்டு பக்கமும் ஒன்றரை ஒன்றரையாகப் பிரித்துவிடலாம். இந்தக் கணக்கை மவுஸைத் தொடுவதற்கு முன்பே ஒரு தாளில் போட்டுவிடுவது என் வழக்கம். வட்டங்களின் இடது ஓரம் வரவேண்டிய இடங்கள் இவை: 1296, 3024, 4752, 6480. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு 1728 கூடுகிறது.

இப்போது எலிப்ஸ் செலக்ட் கருவியை எடுங்கள். விசைப்பலகையில் இ எழுத்து. டூல் ஆப்ஷன்ஸ் பெட்டியில் ஃபிக்ஸ்டு என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டு, பக்கத்துப் பட்டியலில் சைஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, 864க்கு 864 என்று கொடுங்கள். ஆன்டிஏலியாசிங் டிக் இருக்கட்டும், அது இல்லாவிட்டால் வட்டத்தின் ஓரம் ரம்பம் மாதிரி ஆகிவிடும். ஓரத்தை மென்மையாக்கும் ஃபெதர் எட்ஜஸ் வேண்டாம். படத்தின்மேல் எங்காவது ஒரு சொடுக்கு சொடுக்கினால் அந்த அளவில் வட்டம் வந்து உட்காரும்.

அதே பெட்டியில் கீழே பொசிஷன் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. முதலாவது இடமிருந்து எவ்வளவு, அடுத்தது மேலிருந்து எவ்வளவு. 1296 என்றும் 1000 என்றும் தட்டுங்கள். வட்டம் தானாக அங்கே போய் நிற்கும்.

சேனலில் சேமித்தல்

செலக்ட் மெனுவில் சேவ் டு சேனல் என்பதைக் கொடுங்கள். சேனல்ஸ் பலகையில் சிவப்பு, பச்சை, நீலத்துக்குக் கீழே புதிதாக ஒன்று முளைத்திருக்கும். அதன் பெயர்மேல் இருமுறை சொடுக்கி "மாமா 1" என்று மாற்றிவிடுங்கள். பெயர் வைக்கச் சோம்பல்பட்டால் கொஞ்ச நேரத்தில் ஒரே பெயரில் நாலைந்து சேனல் நின்றுகொண்டு எது யாருடையது என்று தெரியாமல் விழிப்பீர்கள்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. விழாதவர்களை நான் பார்த்ததில்லை. சேனலில் சேமித்ததும் கிம்ப் அந்தச் சேனலையே நடப்பில் வைத்துக்கொள்ளும். அடுத்து நீங்கள் பிரஷ் எடுத்து வரைந்தால் வண்ணம் படத்தில் விழாது, சேனலில் விழும். "வரையவே மாட்டேங்குது" என்று மென்பொருளையே மறுபடி நிறுவியவர்கள்கூட உண்டு. தீர்வு ஒரே சொடுக்கு: லேயர்ஸ் பலகைக்குப் போய் உங்கள் லேயரின்மேல் (லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படத்தாள்) ஒருமுறை சொடுக்குங்கள். சேனலில் சேமித்த கையோடு லேயரைச் சொடுக்குவது என்று பழக்கப்படுத்திக்கொண்டால் தலைவலி இல்லை.

அப்புறம் பொசிஷன் கட்டத்தில் 1296ஐ அழித்து 3024 என்று தட்டுங்கள். அளவு மாறாமல் வட்டம் மட்டும் நகரும். மறுபடி சேவ் டு சேனல், "மாமா 2". இதேபோல 4752, 6480. நாலு சேனல் ஆகிவிட்டது. இவை ஒரே வட்டத்தின் நாலு நகல்கள். ஒரு பிக்சல்கூடக் கூடக் குறைய இருக்காது.

சேமித்ததைத் திரும்ப எடுக்க, சேனலின்மேல் வலது சொடுக்கில் சேனல் டு செலக்ஷன். இருக்கும் செலக்ஷனோடு சேர்க்க ஆட் டு செலக்ஷன், கழிக்க சப்ட்ராக்ட், இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும் பொது இடம் மட்டும் வேண்டுமென்றால் இன்டர்செக்ட். இப்போது முதல் சேனலை எடுத்து மற்ற மூன்றையும் வரிசையாகச் சேருங்கள். நாலு வட்டமும் ஒரே நேரத்தில் எறும்பு ஓடும். இதையும் சேனலில் சேமித்து "நாலும்" என்று பெயர் வைத்துவிடுங்கள், பின்னால் இரண்டு முறை தேவைப்படும்.

வட்டம் இல்லாத வடிவம்

பொசிஷன் கட்டம் எல்லாம் செவ்வகத்துக்கும் நீள்வட்டத்துக்கும்தான். தாமரை, வெற்றிலை, கையால் வெட்டிய குழந்தை உருவம் என்றால் அந்த வசதி கிடையாது. அப்போது கோட்டை மட்டும் நகர்த்த இரண்டு வழி.

செலக்ஷன் கருவி கையில் இருக்கும்போது ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு கோட்டுக்குள் பிடித்து இழுக்கலாம். கோடு மட்டும் நகரும். ஆல்ட்டோடு கண்ட்ரோலும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் படமும் பெயர்ந்து வரும், ஆல்ட்டோடு ஷிஃப்ட் சேர்ந்தால் படத்தின் நகல் வரும். மூன்றும் அருகருகே இருப்பதால் விரல் தவறினால் அப்பாவின் முகத்தில் ஓட்டை விழும். லினக்ஸில் இன்னொரு தொல்லை: பல டெஸ்க்டாப்களில் ஆல்ட் பிடித்து இழுத்தால் ஜன்னலே நகர்ந்துவிடும்.

அதனால் எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. மூவ் கருவியை எடுங்கள், விசை எம். டூல் ஆப்ஷன்ஸில் மூவ் என்பதற்குப் பக்கத்தில் மூன்று சிறிய படங்கள் இருக்கும்: லேயர், செலக்ஷன், பாத். நடுவில் இருப்பதைச் சொடுக்கினால் அதன்பின் நீங்கள் எதை இழுத்தாலும் எறும்புக் கோடு மட்டும்தான் அசையும். துல்லியம் வேண்டுமென்றால் இமேஜ் மெனுவில் கைட்ஸ் பகுதியில் நியூ கைட் கொடுத்து, பிக்சல் எண்ணைத் தட்டி வழிகாட்டிக் கோடுகள் போட்டுக்கொள்ளுங்கள். வியூ மெனுவில் ஸ்னாப் டு கைட்ஸ் டிக் இருந்தால் வடிவம் கோட்டருகே வந்ததும் ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் மூவ் கருவியை மறக்காமல் லேயருக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த நாள் காலையில் "லேயர் நகரமாட்டேன் என்கிறதே" என்று அரை மணி நேரம் போகும்.

வடிவத்தைப் பெரிதாக்கவோ சாய்க்கவோ வேண்டுமென்றால் ஸ்கேல், ரொட்டேட் கருவிகளிலும் இதே சிறிய படங்கள் உண்டு. அங்கேயும் செலக்ஷனைத் தேர்ந்துகொண்டால் படத்தைத் தொடாமல் கோடு மட்டும் மாறும்.

வட்டத்தைத் தொடாதீர்கள், படத்தை மாற்றுங்கள்

வட்டம் எல்லாம் சரியாக வந்துவிட்டது. ஆனால் பெரிய மாமன் வாட்ஸாப்பில் அனுப்பிய படம் 900 பிக்சல், சின்ன மாமன் கல்யாணக் கேமராவில் எடுத்தது 6000 பிக்சல். அதே 864 வட்டத்தை இரண்டின்மேலும் வைத்தால் ஒருவர் இடுப்புவரை தெரிவார், இன்னொருவரின் மூக்கு மட்டும் தெரியும். இந்த இடத்தில்தான் புதியவர்கள் கை துருதுருத்து வட்டத்தை நீட்டிச் சுருக்குவார்கள். அப்படிச் செய்தால் இவ்வளவு நேரம் செய்த வேலையெல்லாம் வீண்.

ஃபைல் மெனுவில் ஓபன் ஆஸ் லேயர்ஸ் கொடுத்து நாலு படத்தையும் பேனருக்குள் லேயர்களாகக் கொண்டுவாருங்கள். பிறகு "நாலும்" சேனலைச் செலக்ஷனாக்கி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வெற்று லேயர் திறந்து, ஏதாவது ஒரு நிறத்தை நிரப்பி, ஒப்பாசிட்டியை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, 40க்கு இறக்குங்கள். கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி நாலு மங்கலான வட்டம் கிடைக்கும். இனி செலக்ஷனை நீக்கிவிடுங்கள்: கண்ட்ரோல், ஷிஃப்ட், ஏ.

நீக்குவது முக்கியம். செலக்ஷன் இருக்கும்போது ஸ்கேல் கருவியால் லேயரைப் பெரிதாக்கினால் வட்டத்துக்குள் இருக்கும் துண்டு மட்டும் பெயர்ந்து பெரிதாகும். நீக்கிவிட்டீர்கள் என்றால் ஷிஃப்ட் எஸ் அடித்து ஒவ்வொரு படத்தையும் அளவு மாற்றி, அதனதன் மங்கல் வட்டத்தின் அடியில் முகம் வரும்படி வையுங்கள். நெற்றி முதல் தாடை வரையான உயரம் நால்வருக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் போதும். மீசையை முறுக்கி மேலே தூக்கிவிட்டவருக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள்.

அமைந்ததா? இப்போது முதல் மாமனின் லேயரைச் சொடுக்கி, லேயர் மெனுவில் மாஸ்க் பகுதிக்குப் போய், லேயர் மாஸ்க் சேர்க்கக் கேளுங்கள். வரும் பெட்டியில் கடைசித் தேர்வு சேனல். அதைச் சொடுக்கிப் பட்டியலில் "மாமா 1"ஐக் காட்டினால் வட்டத்துக்கு வெளியே இருந்ததெல்லாம் மறைந்துவிடும். அழிந்துபோகவில்லை, மறைந்துதான் இருக்கிறது. மற்ற மூவருக்கும் இதையே செய்துவிட்டு மங்கல் வட்ட லேயரின் கண் குறியை அணையுங்கள்.

தங்கப் பார்டர் வேண்டுமென்று கேட்பார்கள், கேட்காமல் இருக்கமாட்டார்கள். "நாலும்" சேனலைச் செலக்ஷனாக்கி, செலக்ட் மெனுவில் குரோ கொடுத்து 24 பிக்சல் வளர்த்துங்கள். பிறகு அதே "நாலும்" சேனலை சப்ட்ராக்ட் செய்தால் நடுப்பகுதி கழிந்து நாலு வளையம் மட்டும் நிற்கும். புது லேயரில் மஞ்சள் நிரப்பினால் மூன்றில் ஒரு அங்குலத் தடிமனில் நாலு பார்டரும் ஒரே சீராக இருக்கும். செவ்வகத்துக்கு இப்படிச் செய்தால் மட்டும் மூலைகள் லேசாக உருண்டுவிடும், அதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கோப்புக்குக் கொண்டுபோக

இதே வட்டங்கள் அழைப்பிதழுக்கும் வேண்டும் என்றால்? செலக்ட் மெனுவில் டு பாத் கொடுத்தால் எறும்புக் கோடு பாத் ஆகிவிடும், அதாவது வெறும் வெளிக்கோடாக. பாத்ஸ் பலகையில் அதன்மேல் வலது சொடுக்கி காப்பி பாத், அடுத்த கோப்பில் பேஸ்ட் பாத், அங்கே பாத்தைச் செலக்ஷனாக மாற்றினால் முடிந்தது. வட்டம், தாமரை மாதிரித் தெளிவான ஓரம் உள்ளவற்றுக்கு இது போதும்.

தலைமுடி, பட்டுப்பாவாடை ஜரிகை மாதிரி மென்மையான ஓரம் உள்ள செலக்ஷனுக்கு இந்த வழி ஆகாது. பாத் ஆகும்போது சாம்பல் எல்லாம் போய்விடும். அதற்கு நாம் மேலே செய்த மங்கல் வட்டத் தந்திரம்தான். செலக்ஷனை ஒரு வெற்று லேயரில் நிரப்பி, ஒப்பாசிட்டியைக் குறைக்காமல், அந்த லேயரை லேயர்ஸ் பலகையிலிருந்து பிடித்து அடுத்த படத்தின்மேல் இழுத்துப் போடுங்கள். அங்கே லேயர் மெனுவில் டிரான்ஸ்பரன்சி பகுதியில் ஆல்ஃபா டு செலக்ஷன் கொடுத்தால் மென்மை குறையாமல் அதே செலக்ஷன் எழுந்துவரும்.

போட்டோஷாப்பில்

சுருக்கமாகச் சொல்கிறேன். செலக்ஷன் கருவி கையில் இருந்து, மேல்பட்டையில் நியூ செலக்ஷன் தேர்வாகியிருந்தால், கோட்டுக்குள் பிடித்து வெறுமனே இழுத்தாலே கோடு மட்டும் நகரும். ஆல்ட் எல்லாம் வேண்டாம். அம்புக்குறி விசை ஒரு பிக்சல், ஷிஃப்ட்டோடு பத்து பிக்சல். அப்படியே இழுத்து இன்னொரு கோப்பின் ஜன்னலில் விட்டால் கோடு அங்கே போய்ச் சேரும். சேமிக்க செலக்ட் மெனுவில் சேவ் செலக்ஷன். திரும்ப எடுக்க, கண்ட்ரோல் அழுத்திக்கொண்டு சேனலின் சிறுபடத்தைச் சொடுக்கலாம், ஷிஃப்ட்டும் சேர்ந்தால் கூடும், ஆல்ட் சேர்ந்தால் கழியும். கோட்டின் அளவை மாற்ற டிரான்ஸ்ஃபார்ம் செலக்ஷன். பழக்கதோஷத்தில் கண்ட்ரோல் டி (T) அடித்தால் படமே இழுபடும். போட்டோஷாப்பில் லேயர் வந்ததே 1994இல், மூன்றாம் பதிப்பில்தான். அதற்கு முன்பு வேலை செய்தவர்கள் ஒரு வடிவத்துக்குத் திரும்பி வர சேனலைத்தான் நம்பியிருந்தார்கள்.

இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செலக்ஷனை நீக்க போட்டோஷாப்பில் அடிக்கும் கண்ட்ரோல் டி (D), கிம்ப்பில் முழுப் படத்தையும் நகலெடுத்துப் புது ஜன்னலில் திறக்கும். போட்டோஷாப்பில் விருப்பம்போல இழுத்து வளைக்கும் கண்ட்ரோல் டி என்று மேலே சொன்னேனே, அங்கே அது டி ஃபார் டைகர். செலக்ஷன் நீக்குவது டி ஃபார் டெல்லி. கிம்ப்பில் டைகர் டியை கண்ட்ரோலோடு அடித்தால் எறும்புக் கோடு கண்ணுக்கு மறையும், ஆனால் செலக்ஷன் உயிரோடு இருக்கும். "பிரஷ் ஓரிடத்தில் மட்டும் வரைகிறது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

ஐந்தாவது மாமன்

வேலையை எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமியுங்கள், போட்டோஷாப்பில் பிஎஸ்டி. சேனல், மாஸ்க் எல்லாம் அதில்தான் பத்திரமாக இருக்கும். அச்சகத்துக்கு அனுப்பும் ஜேபெக்கில் எதுவும் மிஞ்சாது. அச்சுக்கு அனுப்பியாயிற்றே என்று மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள், ஏனென்றால் விழாவுக்கு முந்தின நாள் ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் வெளியூரிலிருந்து வருவார். அவர் படமும் வேண்டும் என்பார்கள்.

ஐந்து வட்டம் ஐந்தடி, நாலு இடைவெளி நாலடி, ஆக ஒன்பது. ஓரத்துக்கு அரையடி அரையடி. இடைவெளி மாறவில்லை, அதனால் இருக்கும் நால்வரையும் சேர்த்து 864 பிக்சல் இடப்பக்கம் தள்ளினால் போதும். தங்க வளைய லேயரை கிராப் டு கன்டென்ட் கொடுத்து வளையத்தின் அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். அதன் இடது ஓரம் 1272இல் இருக்கும், மேல் ஓரம் 976இல். செங்குத்தாக 408இலும் கிடையாக 976இலும் ஒவ்வொரு கைட் போடுங்கள். வளைய லேயரையும் நாலு மாமன்களின் லேயரையும் 2.10இல் சங்கிலிக் குறியால் இணைத்து, 3.0இல் ஷிஃப்ட்டோடு சேர்த்துச் சொடுக்கி, மூவ் கருவியால் வளையத்தைப் பிடித்து அந்த இரண்டு கோடுகளின் மூலையில் ஒட்டுங்கள். மாஸ்க்குகள் லேயரோடு கூடவே வந்துவிடும். பிறகு எலிப்ஸ் கருவி, 864க்கு 864, பொசிஷன் 7344, 1000. சேவ் டு சேனல், "மாமா 5". லேயரைச் சொடுக்க மறக்காதீர்கள்.